‘ஐடில்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் தமிழ், ஸ்பானிய நிகரன்களும்: கிளென்மார்கன் சூழலை முன்வைத்து ஒரு சொற்பொருளாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலத்தில் செயலின்மையைக் குறிக்க வழங்கும் ‘ஐடில்’ என்னும் சொல் மனிதர், நிலம், பொறி, பேச்சு ஆகிய யாவற்றிற்கும் பொதுவானது. அச்சொல்லுக்குத் தமிழில் ஒரே நிகரன் இல்லை. ‘சோம்பல்’ எனப் பெயர்ப்பது ஓரிடத்தில் பொருந்தும். பிறிதோரிடத்தில் வேலை கிடைக்காதவர்மேல் பழியைச் சுமத்திவிடும். இவ்வேறுபாட்டைத் தமிழ் வழக்குகள், ஸ்பானிய நிகரன்கள், ஒரு பன்மொழிப் பனுவல், தொழிலாளர் சட்டத் தொடர்கள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. நீலகிரி மாவட்டத்துக் கிளென்மார்கனின் தேயிலைத் தோட்டமும் நீர்மின் அமைப்பும் இவ்வாய்வுக்குரிய சூழலாகக் கொள்ளப்பட்டுள்ளன. செயலின்மைக்குக் காரணம் எவரிடத்தில் உள்ளது என்னும் வினாவே நிகரனைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

செயலின்மை, மடி, சோம்பல், சும்மா, உறக்கநிலை, பஞ்சி, வேலை வழங்காமை, மொழிபெயர்ப்பு, ஸ்பானியம், கிளென்மார்கன்.

1. முன்னுரை

ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழிக்குக் கொண்டுவரும்போது பொருளோடு மதிப்பீடும் உடன்வருகிறது. பெயர்ப்பொருளில் இவ்விடர் குறைவு. மனிதரின் நிலையைக் குறிக்கும் சொற்களில் இது மிகுதி. செயலின்மையைக் குறிக்கும் சொற்கள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஒருவர் செயலின்றி இருக்கிறார் என்னும் செய்தி ஒரு விவரிப்பாகவும் இருக்கலாம். ஒரு குற்றச்சாட்டாகவும் இருக்கலாம். ஆங்கிலச் சொல் இவ்விரண்டையும் ஒரே வடிவில் தாங்கி நிற்கிறது. தமிழ் இவ்விரண்டையும் வெவ்வேறு சொற்களால், பல வேளைகளில் வெவ்வேறு தொடரமைப்புகளால் பிரித்துக் கூறுகிறது.

ஆங்கிலம்–தமிழ் அகராதியை நோக்கும் மாணவருக்கு ‘சோம்பலான’, ‘வேலையற்ற’, ‘பயனற்ற’, ‘வீணான’ முதலிய நிகரன்கள் ஒரே வரிசையில் காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டுக் கிடைக்கின்றன. இவற்றுள் எதை எங்கே ஆள்வது என்பதற்கான நெறியை அவ்வரிசை தருவதில்லை. அந்நெறியைக் கண்டறிதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றோடு ஸ்பானியம் மூன்றாம் மொழியாக ஒப்பிடப்படுகிறது. இருமொழி ஒப்பீட்டில் தமிழுக்கே உரியதெனத் தோன்றும் ஒரு பண்பு, மூன்றாம் மொழியொன்றிலும் காணப்படுமாயின் அது பொதுப் பண்பென உறுதிப்படும் என்பதே இதற்குக் காரணம்.

2. ஆய்வுச் சூழல்: கிளென்மார்கன்

கிளென்மார்கன் உதகமண்டலத்திற்கு வடமேற்கே, பைக்காரா நீர்ப்பிடிப்புப் பகுதியை ஒட்டி அமைந்த மலைச்சிற்றூர். தேயிலைத் தோட்டமும் மின்வாரியத்தின் முன்தேக்க அணையும் இவ்வூரின் இரு அடையாளங்கள். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம் தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் திட்டங்களுள் ஒன்று. மலையுச்சியிலிருந்து சிங்காரா மின்நிலையத்திற்குச் செங்குத்தாக இறங்கும் குழாய்களும், பணியாளர்கள் சென்றுவர அமைக்கப்பட்ட இழுவைத் தொடரும் அத்திட்டத்தின் கூறுகள். 2005-இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் திறனுள்ள பைக்காரா இறுதிநிலை நீர்மின் திட்டத்திற்கும் கிளென்மார்கனிலிருந்தே நீர் செல்கிறது.

இவ்விடம் இவ்வாய்வுக்குப் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலச் சொல் தழுவும் செயலின்மைகளுள் நான்கை இங்கு ஒருசேரக் காணலாம். குளிர்காலத்தில் தளிர்விடாது நிற்கும் தேயிலைச் செடி, பயிரிடப்படாத நிலம், தேவை எழும்வரை நிறுத்திவைக்கப்படும் மின்னாக்கப் பொறி, கொழுந்து குறைந்த நாளில் வேலை கிடைக்காத தொழிலாளி என்பனவே அவை. ஆங்கிலத்தில் இந்நான்கையும் ஒரே அடைமொழி ஏற்கும், அல்லது அதனோடு ஒட்டிய ஓரிரு சொற்கள் ஏற்கும். தமிழ் இந்நான்கையும் எவ்வாறு பெயரிடுகிறது என்பதே வினா.

3. ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் மூலவடிவம் ‘வெறுமையான’, ‘உள்ளீடற்ற’, ‘பயனற்ற’ என்னும் பொருள்களில் வழங்கியது. செருமானிய மொழியில் இதனோடு தொடர்புடைய ‘ஐட்டெல்’ என்னும் சொல் இன்றும் ‘வீணான’, ‘தற்பெருமை கொண்ட’ என்னும் பொருள்களில் வழங்குகிறது. எனவே வெறுமையே முதற்பொருள். வேலையின்மை அதிலிருந்து கிளைத்தது. வேலை செய்ய மனமின்மை அதற்கும் பின்னர்க் கிளைத்தது. பொறி சுமையின்றி ஓடுவதைக் குறிக்கும் பொருள் இயந்திரக் காலத்தது.

இவ்வளர்ச்சியில் நோக்கத்தக்க ஒன்றுண்டு. ‘வேலை இல்லாத’ என்பதிலிருந்து ‘வேலை செய்யாத’ என்பதற்கும், அதிலிருந்து ‘வேலை செய்ய விரும்பாத’ என்பதற்கும் பொருள் நகரும்போது சொல்வடிவம் மாறவில்லை. ஆகவே ஆங்கிலத் தொடரில் இம்மூன்றுள் எது கருதப்பட்டது என்பதைச் சூழலே காட்ட வேண்டும். சூழலை நோக்காது சொல்லை மட்டும் நோக்குபவர் மூன்றாம் பொருளையே முதலிற் கொள்வர். அகராதி வரிசையில் ‘சோம்பல்’ முன்னிற்பதும் அதனாலேயே எனலாம்.

4. தமிழ் நிகரன்கள்

4.1 மடியும் சோம்பலும்

திருக்குறளின் பொருட்பாலில் ‘மடியின்மை’ ஓர் அதிகாரம். அதனை அடுத்து ‘ஆள்வினையுடைமை’ அமைந்துள்ளது. குற்றத்தை நீக்குதலும் அதற்கு மாறான பண்பைப் பெறுதலும் என அவ்விரு அதிகாரங்களும் இயைகின்றன. காலந்தாழ்த்துதல், மறதி, சோம்பல், உறக்கம் ஆகிய நான்கையும் கெடுவார்க்கு உரியனவாக வள்ளுவர் ஒரு குறளில் வைத்துக் கூறுகிறார். ஒன்றற்கொன்று நெருங்கிய நான்கும் அங்கே வெவ்வேறு பெயர் பெறுகின்றன என்பது சொற்பொருள் நோக்கில் கருதத்தக்கது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் ‘துஞ்சல்’, ‘மடிமை’ ஆகியவற்றைத் தனித்தனி மெய்ப்பாடுகளாக எண்ணுகிறது. உறக்கமும் சோம்பலும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும் அவை ஒன்றல்ல என்னும் தெளிவு தமிழ் மரபில் தொன்மையானது.

‘மடி’ என்பதற்கு மடங்குதல், இறத்தல், சோம்புதல் ஆகிய பொருள்கள் உண்டு. இயங்க வேண்டிய ஒன்று தானே மடங்கிவிடுதல் என்னும் கருத்து இவற்றுக்குப் பொதுவாக அமைகிறது. ‘சோம்பல்’, ‘சோம்பேறி’ ஆகியனவும் செயலின்மைக்கான காரணத்தை அம்மனிதரிடத்திலேயே வைக்கின்றன. ஆகவே இவற்றைப் ‘பழிச்சொற்கள்’ என வகைப்படுத்தலாம். இயங்கக்கூடியவர் இயங்காதபோதே இவை பொருந்தும். கல்லையோ, வறண்ட ஓடையையோ தமிழர் சோம்பேறி என்பதில்லை. அவ்வாறு கூறின் அது உருவகமே.

4.2 சும்மாவும் வாளாவும்

‘சும்மா’ என்பது காரணமின்மை, நோக்கமின்மை, விலையின்மை, பேச்சின்மை, செயலின்மை என இன்மையின் பல வகைகளைத் தழுவும் சொல். விளையாட்டாகக் கூறியதும் ‘சும்மா’ கூறியதே. விலையின்றிப் பெற்றதும் ‘சும்மா’ பெற்றதே. ஆங்கிலச் சொல்லின் முதற்பொருளாகிய வெறுமைக்கு மிக நெருங்கிய தமிழ்ச்சொல் இதுவே. இதற்கு இயல்பாகப் பழிப்பொருள் இல்லை. ‘சும்மா இருக்கிறான்’ என்பது தொனியாலும் சூழலாலும் பழியாகலாம். மறுபுறம் அருணகிரிநாதர், தாயுமானவர் மரபில் ‘சும்மா இருத்தல்’ அடைதற்கரிய ஞானநிலை. ஒரே தொடர் வீட்டுத் திண்ணையில் வசையாகவும் ஞான நூலில் பேறாகவும் நிற்பது அதன் நடுநிலைத் தன்மைக்குச் சான்று.

‘வாளா’ இதன் இலக்கிய வழக்கு இணை. ஓர் ஆசிரியர் சிறப்பு எதனையும் சுட்டாது பொதுவாகக் கூறியதை உரையாசிரியர்கள் ‘வாளா கூறினார்’ என்பர். அங்கும் குறிக்கப்படுவது ஒரு கூறின் இன்மையே, குற்றமன்று. இவை இரண்டையும் ‘நடுநிலைச் சொற்கள்’ எனலாம்.

4.3 வீணும் வெட்டியும்

பேச்சு, பொழுது, முயற்சி ஆகியவற்றைக் குறிக்குமிடத்து ‘வீண்’, ‘வெட்டி’, ‘வெறும்’ என்பன நிகரன்களாகின்றன. வீண்பேச்சு பேசுபவர் செயலற்றிருப்பவர் அல்லர். அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். பயன் இல்லை என்பதே குறை. எனவே இச்சொற்கள் செயலின்மையையன்றிப் பயனின்மையைக் குறிக்கின்றன.

4.4 ஓய்வு

உழைப்பை முன்னிட்ட செயலின்மை ‘ஓய்வு’. முன்னே வேலை இருந்தது, பின்னும் வேலை இருக்கும் அல்லது உழைத்த உரிமை இருக்கும் என்னும் கருத்து இச்சொல்லுள் அடங்கியுள்ளது. ‘பணி ஓய்வு’, ‘ஓய்வூதியம்’ ஆகிய ஆட்சிச் சொற்கள் இதனால் மதிப்புப் பெறுகின்றன. வேலை மறுக்கப்பட்டவரின் நாளை ‘ஓய்வு நாள்’ எனக் குறித்தல் பழியாகாது எனினும் பிழையாகும். கூலியிழப்பை அச்சொல் மறைத்துவிடும்.

5. ஸ்பானிய நிகரன்கள்

ஸ்பானியத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் வரும் நிகரன் ‘ஓசியோசோ’. இது இலத்தீன் ‘ஓட்டியும்’ என்னும் சொல்வழி வந்தது. அதே வேரிலிருந்து ‘ஓசியோ’ என்னும் பெயர்ச்சொல்லும் பிறந்தது. அது உவப்பான ஓய்வுப்பொழுதைக் குறிக்கும். ‘நெகோசியோ’, அதாவது வணிகம், ‘ஓய்வு அல்லாதது’ என்னும் எதிர்மறைப் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது. இங்கே ஓய்வே அடிப்படை. வேலை அதன் மறுப்பு. தமிழில் ‘வேலையின்மை’ என்பது வேலையை அடிப்படையாக்கி அதன் இன்மையைக் கூறுகிறது. இரு மொழிகளும் எதிர்த்திசைகளிலிருந்து பெயரிடுகின்றன.

வேலை கிடைக்காதவரைக் குறிக்க ஸ்பெயினில் ‘பராதோ’ என்னும் சொல் வழங்குகிறது. ‘நிறுத்து’ எனப் பொருள்படும் வினையின் எச்சவடிவம் அது. ‘நிறுத்தப்பட்டவர்’ அல்லது ‘நின்றுவிட்டவர்’ எனப் பொருள்படும். இலத்தீன் அமெரிக்க நாடுகளில் அதே சொல் ‘எழுந்து நிற்பவர்’ என்னும் பொருளில் பெருவழக்கு. தமிழிலும் ‘வேலை நின்றுபோயிற்று’, ‘வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்’ என நிற்றல், நிறுத்துதல் என்னும் வினைகளே பயில்வது இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ‘தேசொக்குபாதோ’ என்பது ‘அமர்த்தப்படாதவர்’, ‘கையில் வேலையில்லாதவர்’ எனப் பொருள்படும். இதில் பழி இல்லை. சோம்பேறிக்கு ‘பெரெசோசோ’ எனத் தனிச்சொல் உண்டு. பொறி சுமையின்றி ஓடுவது ‘ரலெந்தி’; பிரெஞ்சிலிருந்து பெற்ற இச்சொல் வேகக்குறைவைக் குறிக்கிறது. ஆறவிடப்பட்ட நிலம் ‘பர்பேச்சோ’. விதை, மொட்டு ஆகியவற்றின் உறக்கநிலை ‘லத்தென்சியா’. ஆங்கிலத்தில் ஒரு சொல் தழுவும் பரப்பைத் தமிழைப் போன்றே ஸ்பானியமும் கூறுபடுத்துகிறது என்பது இதனால் தெளிவாகிறது.

6. ஒரு பன்மொழிச் சான்று

ஒரே மூலப் பனுவல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டிருப்பின் நிகரன்களின் தேர்வை நேர்படக் காணலாம். இதற்கு விவிலியத்தின் மத்தேயு நூல் ஏற்றது. அதன் 12-ஆம் அதிகாரத்தில் மனிதர் பேசும் பயனற்ற சொற்களைப் பற்றிய ஓரிடமும், 20-ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத்திற்குக் கூலியாட்களை அமர்த்தும் உவமையும் வருகின்றன. ஈரிடத்தும் கிரேக்க மூலத்தில் ‘ஆர்கோஸ்’ என்னும் ஒரே சொல்லே ஆளப்பட்டுள்ளது; ‘வேலை அற்ற’ என்பது அதன் உறுப்புப்பொருள். 1894-இல் கண்டறியப்பட்ட, வேதிவினை எளிதிற் புரியாத ஆர்கான் வாயுவுக்குப் பெயரளித்ததும் இச்சொல்லே. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஈரிடத்தும் ‘ஐடில்’ என்னும் ஒரே சொல்லை இட்டது.

பெருவழக்கிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்போ ஒரே சொல்லைத் தொடரவில்லை. பேச்சைக் குறித்த இடத்தில் ‘வீண்’ அடியாகப் பிறந்த சொல்லும், சந்தைவெளியில் நிற்கும் கூலியாட்களைக் குறித்த இடத்தில் ‘சும்மா’ என்பதும் ஆளப்பட்டன. இரண்டாமிடத்தில் ‘சோம்பலாய்’ என்றிருந்தால் உவமையே சிதைந்திருக்கும். தம்மை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே அக்கூலியாட்கள் கூறும் காரணம். அவர்கள் நாள் முழுதும் வேலையை எதிர்நோக்கி நின்றவர்கள். வேலையை மறுத்தவர்கள் அல்லர். நடுநிலைச் சொல்லாகிய ‘சும்மா’ அக்காரணத்தைக் கூறுவதற்கு இடம்விட்டு நிற்கிறது.

ஸ்பானியத்தில் இதே நுட்பம் திருத்தத்தின் வாயிலாக வந்தது. ‘ரெய்னா–வலேரா’ மொழிபெயர்ப்பின் 1909-ஆம் ஆண்டுப் பதிப்பு கூலியாட்களை ‘ஓசியோசோ’ என்னும் சொல்லால் குறித்தது. 1960-ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு அவ்விடத்தில் ‘தேசொக்குபாதோ’ என மாற்றியது. பேச்சைக் குறித்த இடத்தில் பழைய சொல்லையே நிறுத்திக்கொண்டது. மனிதரைக் குறிக்கையில் ஒரு சொல் பழிப்பொருள் ஏற்றுவிட்டது என உணரும் நிலையில் மொழிபெயர்ப்பு எவ்வாறு வேறுபட வேண்டும் என்பதற்கு இத்திருத்தம் தக்க சான்று.

7. செடி, நிலம், பொறி

7.1 தேயிலைச் செடி

தேயிலைச் செடியின் தண்டு நுனி, தளிர்த்தலும் அடங்குதலும் மாறிமாறி நிகழும் இயல்புடையது. அடங்கிய நிலையிலுள்ள நுனிமொட்டைத் தேயிலையியலார் ‘பஞ்சி’ என்பர். வட இந்திய மொழிகளில் மலட்டுத்தன்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இது வந்ததாகக் கருதப்படுகிறது. இப்பெயரே ஒரு பழிச்சொல். அம்மொட்டு மலடன்று, தக்க பருவத்தில் மீண்டும் விரியும். ஆகவே தமிழ்ப் பாடநூல்கள் விதைகளுக்கு ஆளும் ‘உறக்கம்’, ‘உறக்கநிலை’ என்பனவே இங்குப் பொருத்தமானவை. உறங்குவது விழிக்கும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லிலேயே அமைந்துள்ளது.

தமிழில் எழுதும்போது மற்றொரு சிக்கலும் எழுகிறது. இலங்கைத் தமிழில், சிறப்பாக யாழ்ப்பாண வழக்கில், ‘பஞ்சி’ என்பது சோம்பலைக் குறிக்கும். ‘பஞ்சிப்படுதல்’ என்பது வேலைக்குப் பின்வாங்குதல். தேயிலையியலின் ‘பஞ்சி’ ஒலிப்பில் வேறாயினும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடுகிறது. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென நீலகிரியில் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கைத் தமிழும் தமிழகத் தமிழும் ஒருங்கே புழங்கும் இம்மாவட்டத்தில் இவ்வொப்புமையைக் கருத்திற்கொள்ளுதல் நலம். எழுத்தொப்புமை பற்றி இரண்டையும் ஒரே வேரினவாகக் கொள்ளல் ஆகாது.

நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 16 பாகைக்கு அப்பால், அசாம் போன்ற பகுதிகளில், தேயிலை குளிர்காலத்தில் முழு உறக்கம் கொள்ளும். நீலகிரி 11 பாகையை ஒட்டியிருப்பதால் இங்கு ஆண்டு முழுதும் கொழுந்து கிடைக்கும். ஆயினும் உறைபனிக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வளர்ச்சி மிகவும் தளரும். அவ்வாறு மெல்ல வளர்ந்த கொழுந்திலிருந்து உருவாகும் ‘உறைபனித் தேயிலை’ தன் மணத்திற்காகவே விரும்பி வாங்கப்படுகிறது. செடியின் மந்தநிலை சந்தையில் சிறப்பாகிறது. அதே காலத்தில் கொய்யும் தொழிலாளியின் கூடை நிறைவதில்லை.

7.2 நிலமும் பொறியும்

பயிரிடாத நிலம் ‘தரிசு’. உழவர் வேண்டுமென்றே விட்டுவைத்தால் அது ‘ஆறப்போட்ட நிலம்’. முன்னது நிலையைக் கூறுகிறது. பின்னது உழவரின் கருத்தைக் கூறுகிறது. ஆறப்போட்ட நிலத்தைத் தரிசு என ஆவணப்படுத்தினால் அதற்கு உடையவரும் பயனும் இல்லை என்னும் எண்ணம் எளிதில் தோன்றும்.

நீர்மின் நிலையத்தின் பொறிகள் நாள் முழுதும் ஓட வேண்டும் என்பதில்லை. நீரைத் தேக்கிவைத்து, மின்தேவை உச்சமடையும் வேளையில் இயக்குவது அத்தகைய நிலையங்களின் சிறப்புப் பயன். நின்றிருக்கும் பொறி அங்கே தன் கடமையில் தவறியதன்று, காத்திருக்கிறது. அதற்கு ‘நிறுத்திவைக்கப்பட்ட’ என்பது பொருந்தும். ஒருவர் நிறுத்திவைத்தார் என்னும் செய்தியும் அதிலேயே அமையும். பழுதினால் நின்றதை ‘நின்றுபோன’ எனவும், சுமையின்றி ஓடுவதைச் ‘சுமையின்றிச் சுழலும்’ எனவும் வேறுபடுத்தலாம். பணிமனைகளில் இறுதியிற் கூறியதற்கு ‘ஐடிலிங்’ என்னும் கடன்சொல்லே வழங்குகிறது.

8. தொடரமைப்பும் பொறுப்பும்

நிகரனைத் தேர்வதோடு மொழிபெயர்ப்பு முடிவதில்லை. ஆங்கிலத்தில் ‘அவர் ஐடில்’ என்னும் அமைப்பில் மனிதரே எழுவாய். செயலின்மை அவருடைய பண்பாகக் கூறப்படுகிறது. தமிழில் பின்வரும் நான்கு அமைப்புகள் இயலும்.

அ) அவர் சோம்பேறி.
ஆ) அவர் சும்மா இருக்கிறார்.
இ) அவருக்கு வேலை இல்லை.
ஈ) அவருக்கு வேலை வழங்கப்படவில்லை.

முதல் தொடரில் செயலின்மை மனிதரின் இயல்பு. இரண்டாவதில் அது அவருடைய அப்போதைய நிலை. மூன்றாவதில் எழுவாய் ‘வேலை’. மனிதர் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். இல்லாதது வேலையே, குறையுடையவர் அவரல்லர். நான்காவதில் செயப்பாட்டுவினை வருவதால் வழங்க வேண்டிய ஒருவர் உளர் என்பது குறிப்பாற் பெறப்படுகிறது. ‘தோட்டம் அவருக்கு வேலை வழங்கவில்லை’ எனச் செய்வினையாக்கினால் அவ்வொருவர் வெளிப்படையாகிறார். அ முதல் ஈ வரை செல்லச்செல்லக் காரணம் மனிதரிடமிருந்து விலகி வேலை தருபவரிடம் சேர்கிறது.

மலைத்தோட்ட வழக்கு இதனை நன்கு காட்டும். இலங்கை மலையகத்தில் ஒரு நாட்கூலியைப் ‘பேர்’ என்பர். குறித்த எடைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’ பதிவதும் அங்கு நெடுநாள் வழக்கு. எடை குறைந்தது கையின் தளர்ச்சியாலா, மொட்டின் உறக்கத்தாலா என்பதை ‘அரைப்பேர்’ என்னும் பதிவு தானாகக் கூறாது. அதனை ஒருவர் பின்னாளில் மொழிபெயர்க்கையில் ‘சோம்பலால் அரைநாள்’ எனக் கொண்டால், செடியின் பருவம் மனிதரின் குணமாக மாறிவிடும்.

இவ்வகை மாற்றம் குடியேற்ற நாடுகளின் வரலாற்றில் பெரிதும் நிகழ்ந்தது. பிலிப்பீன்ஸ் அறிஞர் ஹோசே ரிசால், பிலிப்பினோ மக்கள் சோம்பேறிகள் என்னும் குற்றச்சாட்டை மறுத்து 1890-இல் ‘லா சொலிதாரிதாத்’ இதழில் ஸ்பானிய மொழியிலேயே தொடர்கட்டுரை எழுதினார். சோம்பல் எனக் காணப்படுவது நாட்டின் கேட்டிற்குக் காரணமன்று, அதன் விளைவே என்பது அவருடைய வாதம். மலாயா, ஜாவா, பிலிப்பீன்ஸ் ஆகிய நாடுகளை முன்வைத்துச் சையத் உசைன் அலதாஸ் 1977-இல் வெளியிட்ட நூலும் ‘சோம்பேறியான சுதேசி’ என்னும் படிமம் குடியேற்ற முதலாளியத்திற்குத் துணைநின்றதை விளக்கியது. இருவரும் மறுத்தது ஒரு சொல்லை. அச்சொல் தாங்கிய தீர்ப்பை.

9. சட்டத்தின் வேறுபாடு

தமிழ் வழக்கு காட்டும் இவ்வேறுபாடு சட்டத்திலும் உண்டு. குறைந்தபட்சக் கூலிச் சட்டம், 1948-இன் 15-ஆம் பிரிவு, இயல்பான வேலைநேரத்திற்குக் குறைவாக வேலை செய்த தொழிலாளிக்கும் முழுநாள் கூலி பெறும் உரிமையை அளித்தது. அக்குறைவு வேலை செய்ய அவருக்கு மனமில்லாததால் நேர்ந்திருப்பின் அவ்வுரிமை இல்லை. வேலை தருபவர் வேலை வழங்காமையும் தொழிலாளி வேலைசெய்ய விரும்பாமையும் அங்குத் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. மடியையும் வேலையின்மையையும் பிரிக்கும் தமிழ் நெறியும் இதுவே.

தொழில் தகராறுகள் சட்டம், 1947 ‘லே-ஆஃப்’ என்னும் நிலையை வரையறுத்தது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், பொறிப்பழுது, இயற்கைச் சீற்றம் முதலிய காரணங்களால், பதிவேட்டில் பெயருள்ள தொழிலாளிக்கு வேலையளிப்பவர் வேலை தரத் தவறுதல், மறுத்தல், இயலாமை ஆகியன அதில் அடங்கும். தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவற்றோடு தோட்டங்களும் இதன் இழப்பீட்டு விதிகளுக்கு உட்பட்டன. தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைக் கூலி, அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 50 விழுக்காடு இழப்பீடாகும். அதனைப் பெற, நாளுக்கு ஒருமுறையேனும் குறித்த நேரத்தில் பணியிடத்திற்கு அவர் வந்திருத்தல் வேண்டும். எனவே இச்சட்டத்தின் நோக்கில் ‘செயலின்றி இருப்பவர்’ வேலைக்கு வந்து நிற்பவர். சந்தைவெளியில் ‘சும்மா நின்ற’ கூலியாட்களின் நிலையும் இத்தகையதே.

இந்நிலைக்குத் தமிழில் ‘தற்காலிக வேலைநீக்கம்’ என்னும் பெயர்ப்பும் காணப்படுகிறது. நீக்கம் என்பது உறவு முறிவைக் குறிக்கும். இங்கோ பெயர் பதிவேட்டில் நிலைத்திருக்கிறது. ‘வேலைமறுப்பு’ என்பது மறுத்தவர் எவர் என்னும் ஐயத்தை எழுப்பும். ‘வேலைநிறுத்தம்’ தொழிலாளர் செயலாகவும், ‘கதவடைப்பு’ வேலையளிப்பவர் செயலாகவும், ‘ஆட்குறைப்பு’ நிலையான நீக்கமாகவும் வழக்கில் ஊன்றிவிட்டன. ஆகவே ‘வேலை வழங்காமை’ என்னும் தொடரே இங்குப் பொருந்துவதாக இக்கட்டுரை பரிந்துரைக்கிறது. சட்டம் கூறும் தவறுதல், மறுத்தல், இயலாமை ஆகிய மூன்றையும் அது தழுவும்; வழங்க வேண்டியவர் எவர் என்பதையும் உணர்த்தும்; தொழிலாளியின் குணத்தைப் பற்றி ஒன்றும் கூறாது.

10. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்பட்ட முடிவுகள் பின்வருமாறு.

1. ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள் வெறுமை. சோம்பல் என்பது அதன் பொருள்களுள் ஒன்றே, முதன்மையானதன்று.

2. தமிழ் நிகரன்களைப் பழிச்சொற்கள் (மடி, சோம்பல்), நடுநிலைச் சொற்கள் (சும்மா, வாளா), பயனின்மைச் சொற்கள் (வீண், வெட்டி), இடைநிலைச் சொற்கள் (ஓய்வு, உறக்கம், ஆறப்போடுதல்), மறுக்கப்பட்ட நிலையைக் கூறுவன (வேலை இல்லை, வேலை வழங்கப்படவில்லை) என ஐவகைப்படுத்தலாம். இடைநிலைச் சொற்கள் செயல் மீள்வதையோ முன்னைய உழைப்பையோ உள்ளடக்கியவை.

3. ஸ்பானியமும் இவ்வாறே கூறுபடுத்துகிறது. 1909, 1960 ஆகிய பதிப்புகளுக்கிடையே ‘ஓசியோசோ’ நீங்கித் ‘தேசொக்குபாதோ’ இடம்பெற்றமை, மனிதரைக் குறிக்குமிடத்துப் பழியை விலக்கும் தேவையை உணர்த்துகிறது.

4. தமிழில் வேற்றுமையும் வினைவகையும் பொறுப்பின் இடத்தைக் காட்டுகின்றன. ஆதலால் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் தொடரமைப்பைத் தேர்ந்து பெயர்த்தல் இன்றியமையாதது.

5. இருமொழி அகராதிகள் இச்சொல்லின் நிகரன்களை ஒரே வரிசையில் தாராமல் செடி, நிலம், பொறி, பேச்சு, மனிதர் எனச் சார்பொருள் வாரியாகவும், மனிதரைக் குறிக்குமிடத்து மனமின்மை, வேலை பெறாமை எனக் காரணம் வாரியாகவும் பிரித்துத் தருதல் வேண்டும்.

தோட்டப் பதிவேடுகள், ஆட்சி அறிக்கைகள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. அவற்றைத் தமிழில் வரலாறாக எழுதும் பணி பெருகிவருகிறது. அப்பணியை மேற்கொள்வோர் செயலின்மையைக் குறிக்கும் சொல்லை எதிர்ப்படுமிடத்து, யார் செயலற்றிருந்தனர் என்பதோடு எவரால், எப்பருவத்தால் அவ்வாறாயினர் என்பதையும் உசாவுதல் வேண்டும். உறைபனிக் காலத்தில் கூடை நிறையாது திரும்பியவரைத் தமிழ் சோம்பேறி எனப் பதியாதிருக்க அதுவே வழி.